நீர் விலகும் நேரம்: கழிமுகத்தைக் கலைப்படமாக எடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஆறு கடலோடு சேரும் இடத்தில் காலை 6 மணிக்கு ஒரு படம் எடுங்கள். பகல் 12 மணிக்கு அதே இடத்தில் போய் நின்றால், காலையில் பார்த்த காட்சி அங்கே இருக்காது. கண்ணாடி மாதிரி விரிந்து கிடந்த நீர் போயிருக்கும். அது கிடந்த இடத்தில் சேறு, சேற்றை அறுத்துக்கொண்டு ஓடும் சின்னச் சின்ன ஓடைகள், ஒருக்களித்துச் சாய்ந்த படகு. காலையில் தலை மட்டும் காட்டிக்கொண்டிருந்த மரக்கழிகள் இப்போது முழு உயரத்துக்கு நிற்கும்.

மலையைப் படமெடுப்பவருக்கு ஒளிதான் கணக்கு. கழிமுகத்தில் ஒளி, ஓதம் (கடல்நீர் ஏறி இறங்குவது) என்று இரண்டு கணக்கு உண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் நகரும். ஒளியை மட்டும் பார்த்துக் கிளம்புகிறவருக்குக் கிடைப்பது அன்றைய அதிர்ஷ்டம்தான். அதனால் இந்த வழிகாட்டியில் கேமராவைவிட ஓதத்தைப் பற்றி அதிகம் பேசப்போகிறேன். எனக்குப் பிடித்த கழிமுகப் படங்களில் பெரும்பாலானவை நீர் இறங்கும்போது எடுத்தவை. அதற்கு என்ன காரணம் என்பதைப் போகப்போகச் சொல்கிறேன்.

முதல் படி: ஒரே ஓர் இடம்

பல கழிமுகங்களுக்குப் போவதைவிட ஒன்றைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பப் போங்கள். முதல் இரண்டு முறை கேமரா வேண்டாம், கைபேசி போதும். நீர் நன்றாக இறங்கிய வற்றத்தில் ஒரு நாள், நன்றாக ஏறிய ஏற்றத்தில் ஒரு நாள். வற்றத்தில் போகும்போது ஓடைகள் எப்படி வளைகின்றன, சேறு எங்கே இறுகியிருக்கிறது, எங்கே கால் புதைகிறது, எந்தக் கழி தனியாக நிற்கிறது என்று பாருங்கள். ஏற்றத்தில் போகும்போது அவற்றில் எதெல்லாம் மூழ்கிவிட்டது என்று பாருங்கள்.

முக்கியமாக, கொஞ்சம் உயரமான ஓர் இடத்தைத் தேடுங்கள். கரைமேடு, பாலம், படித்துறை, எதுவானாலும் சரி. கழிமுகத்தின் பெரிய சிக்கல் அதன் தட்டைத்தனம். கண்ணுக்கு அவ்வளவு விரிவாகத் தெரியும் நிலம் படத்தில் ஒரு மெல்லிய கோடாகச் சுருங்கிவிடும். நிலக்காட்சி எடுக்கும்போது குனிந்து, தரையோடு தரையாக எடு என்று சொல்வார்கள். இங்கே பல நேரம் அது வேலைக்காகாது. மூன்று மீட்டர் மேலே ஏறினாலே, கோடாகத் தெரிந்த ஓடை பாம்பு மாதிரி வளைந்து விரியும். சேற்று ஓடைகள் மரக்கிளை போலப் பிரிந்து பரவுவதும் மேலிருந்து பார்த்தால்தான் தெரியும்.

இரண்டாம் படி: ஓத அட்டவணையைப் படிப்பது

உலகின் பெரும்பாலான கடற்கரைகளில் ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். அதாவது ஒவ்வொரு நாளும் ஏற்றம் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். நாளுக்கு ஒரே ஏற்றம் உள்ள கரைகளும் உண்டு. உங்கள் இடம் எந்த வகை என்று அட்டவணையைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, பெரும்பாலும் ஓரிரு நாள் கழித்து, நீர் மிக உயர ஏறி மிகக் கீழே இறங்கும். அரைநிலா நாட்களை ஒட்டி, அதாவது அஷ்டமி வாக்கில், ஏற்றமும் சிறியது, வற்றமும் சிறியது. இங்கே பௌர்ணமி ஓதம், அஷ்டமி ஓதம் என்றே சொல்லிக்கொள்கிறேன். அமாவாசையும் பௌர்ணமிக் கணக்கில்தான் சேரும்.

படமெடுப்பவருக்கு மிகவும் உதவும் விஷயம், ஆனால் அதிகம் பேசப்படாத விஷயம் ஒன்று உண்டு. குறிப்பிட்ட ஓரிடத்தில் பௌர்ணமி ஓதம் எப்போது வந்தாலும் ஏறக்குறைய ஒரே கடிகார நேரத்தில்தான் உச்சத்தைத் தொடும். உங்கள் கழிமுகத்தில் அந்த நேரம் பகல் 12 மணி என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அங்கே பெரிய வற்றம் எப்போதும் காலை 6, மாலை 6 வாக்கில் வரும். ஒரு வாரம் கழித்து அஷ்டமி ஓதத்தில் அதே 6 மணிக்கு ஏற்றம் இருக்கும். ஆக, சூரியன் உதிக்கும்போது பரந்த சேற்று வெளி வேண்டுமானால் பௌர்ணமியை ஒட்டிப் போக வேண்டும். உதயத்தில் நிறைந்த நீர் வேண்டுமானால் அஷ்டமியை ஒட்டி.

உங்கள் இடத்தில் இது தலைகீழாகவும் இருக்கலாம். பௌர்ணமியின் பெரிய வற்றம் நண்பகலிலும் நள்ளிரவிலும் வரும் இடமானால், உதய ஒளியில் முழுதாக வற்றிய சேறு என்ற படம் அங்கே கிடைக்காது. நிலநடுக்கோட்டிலிருந்து மிகத் தொலைவில் உள்ள நாடுகளில் மட்டும், பருவத்துக்குப் பருவம் உதய நேரம் மணிக்கணக்கில் மாறுவதால் கொஞ்சம் இடம் கிடைக்கும். இந்த ஒரு கணக்கைத் தெரிந்துகொள்வதற்குள் நான் வீணாக்கிய விடியற்காலைகள் நிறைய.

இன்னொன்று. அட்டவணையில் இருப்பது அநேகமாகக் கடலோரத் துறைமுகம் ஒன்றின் நேரம். ஆற்றுக்குள் போகப்போக ஏற்றம் தாமதமாகும். ஆழம் குறைந்த கழிமுகங்களில் நீர் வேகமாக ஏறி, மெதுவாக இறங்கும். ஓத அலையின் உச்சி ஆழமான நீரில் ஓடுகிறது, அதன் பள்ளம் ஆழமில்லாத நீரில் ஊர்கிறது என்பதுதான் காரணம். உங்கள் இடத்துக்கான தாமதத்தை நீங்களே அளந்துவிடலாம். நீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு, நீர் ஏறுவது நின்ற நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நாலைந்து முறை செய்தால் உங்களுக்கென்று ஓர் அட்டவணை கிடைத்துவிடும். கடலிலிருந்து அடிக்கும் பலத்த காற்று, ஆற்றின் மேல்பகுதியில் பெய்த மழை, குறைந்த காற்றழுத்தம் மூன்றும் நீரை அட்டவணை சொல்வதைவிட உயர்த்தும். காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் ஏறும்.

மூன்றாம் படி: உயிரோடு திரும்பி வருவது

இதைக் கடைசியில் வைக்க எனக்கு மனமில்லை. நீர் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. ஆறு மணி நேரத்தை எடுத்துக்கொண்டால், முதல் மணியில் மொத்த உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று. நடு இரண்டு மணி நேரத்தில் மட்டும் பாதி நீர் வந்துவிடும். ஓதத்தின் உயரம் 4 மீட்டர் என்றால் மூன்றாம் மணியில் நீர் ஒரு மீட்டர் ஏறும். 500 மீட்டருக்கு ஒரு மீட்டர் மட்டுமே சரிந்த சேற்று வெளியில், அந்த ஒரு மீட்டர் என்பது ஒரு மணி நேரத்தில் அரை கிலோமீட்டர். நிமிடத்துக்கு எட்டு மீட்டருக்கு மேல் நீர் விளிம்பு உங்களை நோக்கி வரும். கழிமுகத்துக்குக் கழிமுகம் இது மாறும். ஆழம் குறைந்த இடங்களில் இதைவிட வேகமாகவே வரும்.

அதைவிட ஆபத்து, நீர் முன்னாலிருந்து மட்டும் வருவதில்லை. ஒருமுறை ஒரு சேற்றுத் திட்டில் நின்று, எதிரே கடல் பக்கம் மட்டும் பார்த்து எடுத்துக்கொண்டிருந்தேன். என் முன்னால் நீர் இன்னும் வெகு தூரத்தில் இருந்தது. திரும்பிப் பார்த்தால், வரும்போது ஒரே எட்டில் தாண்டிய ஓடை நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு இடுப்பளவு நீரில் இறங்கிக் கரையேறினேன். இன்னும் கால் மணி நேரம் போயிருந்தால் நீந்த வேண்டியிருந்திருக்கும், அந்த இழுப்பில். அன்றிலிருந்து நீர் ஏறும்போது சேற்றில் கால் வைப்பதில்லை. இறங்கும்போது போய், வற்றம் முடிவதற்குள் திரும்பிவிடுவேன்.

தனியாகப் போனால் எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். கால் புதைந்துவிட்டால் உந்தி எழ முயலாதீர்கள். ஒரு காலை இழுக்க மற்றது இன்னும் ஆழமாகப் போகும். பின்னால் சாய்ந்து உடல் எடையைப் பரப்பி, ஒரு காலை மெல்ல ஆட்டி ஆட்டி விடுவித்து, அப்புறம் மற்றதை. வரவில்லை என்றால் உடனே உதவிக்கு அழையுங்கள், நீர் காத்திருக்காது.

பறவைகளையும் மறக்க வேண்டாம். வற்றத்தில் இரை தேடி, ஏற்றத்தில் மேட்டில் ஒன்றாக ஒதுங்கி நிற்கும். அப்போது கிளப்பிவிட்டால் அவற்றின் சக்தி வீண். ட்ரோன் பறக்கவிடுகிறவர்கள் அனுமதி விதிகளோடு இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நான்காம் படி: எதை எடுத்துப் போவது

கேமரா எதுவானாலும் சரி, ரா கோப்பு (கேமரா பதிவுசெய்ததைச் சுருக்காமல் அப்படியே வைக்கும் கோப்பு) எடுக்க முடிந்தால் போதும். லென்ஸில் பலர் அகலக்கோணத்தையே நம்புகிறார்கள். நான் 70-200 மி.மீ. லென்ஸைத்தான் முதலில் எடுப்பேன். தூரத்துச் சேற்று மேடுகளையும் ஓடை வளைவுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தருவது அதுதான்.

முக்காலியின் கால்கள் சேற்றில் இறங்கும், நீண்ட எக்ஸ்போஷரில், அதாவது கேமரா அதிக நேரம் ஒளியை வாங்கும்போது, படம் கலங்கும். கால்களுக்கு அடியில் அகலமான தட்டைத் துண்டுகளை வையுங்கள், அல்லது முதலிலேயே அழுத்தி இறக்கிவிட்டு ஒரு நிமிடம் பொறுத்திருங்கள். காலை நீட்டும்போது அடிப்பகுதியை முதலில் நீட்டுங்கள், இணைப்புகள் சேற்றுக்கு மேலே இருக்கும். சேறு ஒட்டிய காலை அப்படியே மடக்கினால் மணல் உள்ளே போய் இணைப்பு அரைபடும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து மடக்குங்கள்.

ஃபில்டரில் எனக்குத் தேவைப்படுவது இரண்டுதான்: 6 ஸ்டாப் என்.டி., 10 ஸ்டாப் என்.டி. என்.டி. என்பது லென்ஸுக்குள் வரும் ஒளியைக் குறைக்கும் இருண்ட கண்ணாடி, ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும். போலரைசரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஈரச் சேற்றின் அழகே அதன் மேல் விழும் வானத்தின் பிரதிபலிப்பு. போலரைசர் அதைத்தான் அகற்றும், அதுவும் நீர்ப்பரப்போடு 37 பாகைக் கோணத்தில் பார்க்கும்போது மிகப் பலமாக. மின்னிக்கொண்டிருந்த வெள்ளிப் பரப்பு பழுப்பு மண்ணாகிவிடும். நம்ப முடியவில்லை என்றால் ஒருமுறை வளையத்தைத் திருப்பிப் பாருங்கள்.

ஐந்தாம் படி: நீர் இறங்கும்போது என்னென்ன கிடைக்கும்

ஏற்றம் முடியும் தறுவாயில் போய்ச் சேருங்கள். நீர் நிற்கும் அந்தச் சில நிமிடங்களில் காற்றும் இல்லையென்றால் முழுக் கண்ணாடி. அட்டவணையில் உள்ள உச்ச நேரமும் நீரோட்டம் நிற்கும் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. மிதக்கும் இலையையோ நுரையையோ பாருங்கள், அது அசையாமல் நின்றால் அதுதான் நேரம். கொஞ்சம் முன்பே போனவர்களுக்கு இன்னொன்றும் கிடைக்கலாம். நீர் ஏறும்போது சில கழிமுகங்களில் ஆற்றின் நடுவே நீளவாக்கில் ஒரு நுரைக்கோடு ஓடும். கனமான உப்புநீர் நடு ஆழத்தில் வேகமாக உள்ளே வர, மேற்பரப்பில் இரு கரை நீரும் நடுவில் வந்து கூடிக் கீழே அமிழும். மிதப்பவை மட்டும் கோடாக மேலே தங்கும். உயரமான இடத்திலிருந்து எடுத்தால் படத்தின் முதுகெலும்பே அதுதான்.

பிறகு நீர் இறங்கத் தொடங்கும். நங்கூரமிட்ட படகுகளைக் கவனியுங்கள். இழுப்பு வந்ததும் கயிறு விறைத்து, படகின் அணியம் (முன்பக்கம்) ஓட்டத்தை எதிர்த்து நிற்கும். இறங்கும் நீரில் எல்லாப் படகுகளும் ஆற்றின் மேல்பக்கம் பார்க்கும், ஏறும் நீரில் கடலைப் பார்க்கும். காற்று பலமாக இருந்தால் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். நீர் நிற்கும்போது அவை தளர்ந்து இஷ்டத்துக்குச் சுற்றும். ஆகையால் படகோடு நீண்ட எக்ஸ்போஷர் எடுக்க நல்ல இழுப்பு இருக்கும் நேரமே சரி, அப்போதுதான் படகு ஓரளவு அசையாமல் நிற்கும்.

அடுத்து வருவதற்காகத்தான் நான் திரும்பத் திரும்பப் போகிறேன். நீர் சேற்றைவிட்டு விலகும் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். விளிம்பு பின்வாங்கும்போது சேறு உடனே காய்வதில்லை. ஒரு மெல்லிய நீர்ப்படலம் மேலே நின்றுவிடும். வானம் அதில் முழுதாகத் தெரியும், ஆனால் நீரில் தெரிவது போல அல்ல. அடியில் உள்ள சேற்றின் மடிப்புகளோடு சேர்ந்து, உருகிய ஈயத்தை ஊற்றி வைத்தது போல. ஒவ்வொரு அலைவரிக்கும் ஒரு பக்கம் ஒளி, ஒரு பக்கம் நிழல். நண்டு வளைகளில் குமிழி வரும். எங்கோ ஒரு பறவையின் கால் தடம் வரிசையாகப் போகும். கொஞ்ச நேரத்தில் படலம் வடிந்து, பளபளப்பு மங்கி, சேறு வெறும் சேறாகிவிடும். நீர் விளிம்போடு கூடவே இறங்கினால், மங்குவதற்கு முன்னால் உள்ள அந்தப் பட்டை எப்போதும் உங்கள் முன்னாலேயே இருக்கும். நீர் ஏறும்போது இது கிடைக்காது, காய்ந்த சேற்றின் மேல் நேராகத் தண்ணீர்தான் வரும்.

இவ்வளவு மென்மையான சேறு இங்கே ஏன் சேர்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? ஆற்று நீரில் களிமண் துகள்கள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதந்து வரும். உப்பு கலந்ததும் அந்த விலக்கம் போய், ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்துக் கீழே படியும். நீங்கள் எடுக்கும் அந்த வழவழப்பு, ஆறும் கடலும் கலந்ததன் நேரடி விளைவு. அது தெரிந்தபின் எனக்குச் சேற்றைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது.

ஆறாம் படி: சட்டகமும் எக்ஸ்போஷரும்

வானம், தூரத்துக் கரை, நீர், சேறு என்று எல்லாமே படுக்கைவாட்டுப் பட்டைகள். அவற்றை வெட்டிக்கொண்டு போகும் ஒன்று வேண்டும்: ஓடையின் வளைவு, ஒற்றைக் கழி, படகுக் கயிறு. ஒன்று போதும். இரண்டாவது அழகான விஷயம் கண்ணில் பட்டால் அதற்கு வேறு படம் எடுங்கள். வானத்தில் ஒன்றுமே இல்லையென்றால் அதைப் படத்தில் சேர்க்கவே வேண்டாம், சேற்றிலேயே போதுமான வானம் இருக்கிறது. மூடுமேகம் வந்தால் வீட்டுக்குத் திரும்பாதீர்கள். ஈயச் சாம்பல் நிறத்தில் எல்லாம் ஒன்றாகும் அந்த ஒளி கறுப்பு வெள்ளைக்கு மிக நல்லது.

அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 8 முதல் எஃப் 11, ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்திறன்) 100. வெண்சமநிலையைத் தானியங்கியில் விடாமல் 5,500 கெல்வினில் நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் அந்தியின் நீலத்தைக் கேமரா 'திருத்திவிடும்'. வழவழப்பான சேற்றிலும் பனிமூட்டத்திலும் ஆட்டோஃபோகஸ் தடுமாறும். ஒரு கழியின் விளிம்பைப் பிடித்து, திரையில் பெரிதாக்கிக் கையால் சரிசெய்யுங்கள்.

சேறும் நீரும் வானத்தைப் பிரதிபலிக்கும்போது மேலும் கீழும் வெளிச்ச வேறுபாடு குறைவு. அதனால் வானத்தை மட்டும் இருட்டாக்கும் ஃபில்டர் பெரும்பாலும் தேவைப்படாது. பிரதிபலிப்பு வானத்தைவிட வெளிச்சமாக வந்துவிட்டால் பார்ப்பவருக்கு ஏதோ பொய் என்று தோன்றும். சூரியனை நேரே வைத்து எடுக்கும்போது மட்டும் இரண்டு மூன்று எக்ஸ்போஷர் எடுத்துப் பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள். இது புதிதொன்றும் இல்லை. பிரான்ஸைச் சேர்ந்த குஸ்தாவ் லெ கிரே 1850களிலேயே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து ஒரே தாளில் அச்சிட்டவர்.

நீண்ட எக்ஸ்போஷரில் எவ்வளவு நேரம் என்பதுதான் கேள்வி. ஃபில்டர் இல்லாமல் 1/15 நொடி என்றால் 6 ஸ்டாப்பில் சுமார் 4 நொடி, 10 ஸ்டாப்பில் ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். நிமிடக்கணக்கில் விட்டால் நீர் பால் போலாகிவிடும், அது கடலா ஏரியா குளமா என்றுகூடத் தெரியாது. எனக்கு அது பிடிப்பதில்லை. அரை நொடி முதல் 2 நொடி வரை விட்டால், இறங்கும் நீரின் நுரை இழைகள் எந்தப் பக்கம் இழுபடுகின்றன என்பது படத்தில் தங்கும். நீர் போகும் திசை தெரிந்தால்தான் அது கழிமுகப் படம்.

ஏழாம் படி: திருத்தமும் அச்சும்

முதலில் மட்டம். சேற்று மேடுகள் சரிந்திருப்பதால் கண் ஏமாறும். நீரில் நிற்கும் ஒரு கழியின் உச்சியையும் அதன் பிரதிபலிப்பின் உச்சியையும் கோடு போட்டு இணையுங்கள். கழி சாய்ந்தே நின்றாலும் அந்தக் கோடு செங்குத்தாக இருக்க வேண்டும். இல்லையென்றால் படம் சாய்ந்திருக்கிறது.

அடுத்து நடுச்சாயல்கள். வானம், நீர், சேறு மூன்றும் ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய சாம்பல்களாக இருக்கும். மொத்தமாகக் கான்ட்ராஸ்ட்டை ஏற்றினால் மின்னும் இடங்கள் வெடித்து, சேறு கரியாகிவிடும். பகுதி பகுதியாக, ஓடை விளிம்பைக் கொஞ்சம் வெளிச்சமாக்கி, மேட்டின் சரிவைக் கொஞ்சம் அடக்கிப் போங்கள். வண்ணத்தில் சாச்சுரேஷனைக் கூட்டாதீர்கள். சேற்றில் இயல்பாகவே ஊதா, நீலம், செம்பு எல்லாம் மெலிதாக இருக்கிறது. கூட்டினால் அவை எல்லாம் ஒரே ஆரஞ்சில் மறைந்துவிடும். திருத்திய படத்தை ஒரு வாரம் ஒதுக்கி வைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

அச்சுக்குப் பளபளப்பில்லாத பருத்தித் தாள் இந்தச் சாயல்களுக்குப் பொருந்தும். 24 மெகாபிக்ஸல், அதாவது 6000 × 4000 புள்ளி உள்ள கோப்பை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால் 20 × 13 அங்குலம் வரும். திரை மிக வெளிச்சமாக இருந்தால் அச்சு இருட்டாக வரும். பெரிதாக அச்சிடும் முன், படத்தின் மிக இருண்ட சேற்றுப் பகுதியையும் மிக மின்னும் பகுதியையும் மட்டும் ஒரு சிறு துண்டாக அச்சிட்டு, பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

தொடராக வைக்க விரும்பினால், ஒரே இடத்திலிருந்து ஒரே சட்டகத்தில் நீரின் வெவ்வேறு உயரங்களை எடுத்து ஏழெட்டுப் படங்களாக அடுக்குங்கள். ஒவ்வோர் அச்சின் பின்புறமும் பென்சிலால் தேதி, நேரம், அன்றைய ஓத உயரம், நீர் ஏறிக்கொண்டிருந்ததா இறங்கிக்கொண்டிருந்ததா என்று எழுதி வையுங்கள். அடுத்த முறை அதே நீர் வேண்டும் என்றால் எந்த நாளில் போக வேண்டும் என்பதை அந்தக் குறிப்பிலிருந்தே கணக்கிட்டுவிடலாம்.